சிவப்பு ஒயர்

துரைக்கண்ணுவின் கைபடாமல் எந்தப் புடவையும் அவருடைய கடையை விட்டு வெளியே போனதில்லை. தறியிலிருந்து வந்த புடவையை விளக்கு வெளிச்சத்தில் விரித்து, முந்தியிலிருந்து உள்ளங்கையால் தடவிக்கொண்டே போவார். எங்காவது ஒரு நூல் துருத்திக்கொண்டிருந்தால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும். சட்டைப் பையிலிருந்து சின்னக் கத்திரியை எடுத்து, நூலின் நுனியைப் பிடித்து லேசாக இழுத்து, ஒட்ட நறுக்கிவிடுவார். கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் துண்டில் நூல் தொங்கினாலும் அவர் கை பைக்குப் போகும். அதை வைத்து உறவுக்காரர்கள் கேலி செய்வதும் உண்டு.

“தொங்கற நூலோட ஒரு பொருள் என் வாசலத் தாண்டக் கூடாது” என்பார் அவர்.

புடவைக்காக மட்டும் சொன்னதல்ல. மாகறலில் ஊர்த் திருவிழா நடந்தால் முதல் பரிவட்டம் அவர் குடும்பத்துக்குத்தான். அப்பா காலத்தில் நிலத்தோடு இருந்த அந்த மரியாதை, அவர் சின்ன காஞ்சிபுரத்துக்கு வந்து பட்டு வியாபாரம் தொடங்கிய பிறகும் குறையவில்லை. பெருமாள் கோயில் மதிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. பஞ்சாயத்து பேச வருகிறவர்களும், தேர்தலுக்கு ஆதரவு கேட்டு வருகிறவர்களும் அந்த வாசலில் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்ததில்லை.

அப்படிப்பட்ட வீட்டின் ஒரே மகள் துளசி, இன்ஜினியரிங் கல்லூரியில் கூடப் படித்த டேனியலைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போனாள். டேனியலின் தாத்தா மாகறலில் துரைக்கண்ணு வீட்டு வயலில் ஏர் ஓட்டியவர். வீட்டின் பின்பக்கம் வந்து கூலி வாங்கிக்கொண்டு போன மனிதர். துரைக்கண்ணு அன்று சத்தம் போடவில்லை, யாரையும் அடிக்க ஆள் அனுப்பவுமில்லை. “இந்த வீட்ல அந்தப் பேரு இனிமே கேக்கக் கூடாது” என்று ஒரே ஒரு முறை சொன்னார். அவர் மனைவி பூவம்மாள் சமையல்கட்டிலிருந்து அதைக் கேட்டாள். அதற்குப் பிறகு அவர் இருக்கும்போது அந்தப் பெயரை அவள் சொல்லவில்லை.

பிறகு பூவம்மாளுக்குத் தொண்டையில் புற்று வந்தது. சென்னை ஆஸ்பத்திரியில், குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார்கள். ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலம் துரைக்கண்ணுவின் தங்கை ஏலவார்குழலி வார்டுக்கு வெளியே வந்து, “அண்ணா, நீ போயி ஒரு டீ குடிச்சிட்டு வா. மெதுவா வா” என்றாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. மாடிப்படியில் ஒரு பெண் ஒதுங்கி நின்றிருந்ததை அவர் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கீழே இறங்கிப்போய், ஆறிப்போன டீயைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். துளசி அன்று அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் பேசப் பேசப் போனில் பதிவு செய்துகொண்டாள் என்பதை ஏலவார்குழலிதான் பிறகு சொன்னாள்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த சில நாளில் ஏலவார்குழலியின் கையில் ஒரு பெட்டி வந்தது. சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. கறுப்பு நிறம். மேலே ஆறு பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் “தண்ணி குடுங்க” என்றது. இன்னொன்று “வலிக்குதுங்க.” ஒன்று “ஜன்னலத் தெறங்க.” ஒன்று “கொஞ்சம் நிமித்தி வைங்க.” ஒன்று “போதும்.” ஆறாவது வெறும் “ஏங்க.” எல்லாம் பூவம்மாளின் குரல். முதல் முறை அந்த “ஏங்க” கேட்டபோது துரைக்கண்ணு கொல்லைப் பக்கம் போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

டேனியல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் எலக்ட்ரானிக் போர்டு வடிவமைக்கிறவன். பெட்டியைச் செய்தது அவன்தான் என்று ஏலவார்குழலி சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. நலம் விசாரிக்க வந்தவர்களிடம், “ஆஸ்பத்திரியில குடுத்தது” என்றார். சொன்ன பொய் அவருக்கு உறுத்தவில்லை. வீட்டின் பேர் அதில் இருந்தது.

பெட்டியில் ஒரு குறை இருந்தது. மேல்மூடியும் அடிமூடியும் சேரும் விளிம்பில் ஒரு சிவப்பு ஒயர் கண்ணி போல வெளியே வளைந்து நின்றது. போர்டில் செப்புக் கோடாக ஓட வேண்டிய ஓர் இணைப்பை டேனியல் மறந்துபோய், பிறகு கையால் ஒயர் வைத்து இணைத்திருந்தான். உள்ளே இடம் போதாமல் அது விளிம்பில் பிதுங்கியிருந்தது. துரைக்கண்ணுவுக்கு இதெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிந்தது, கறுப்புத் துணியில் சிவப்பு நூல் துருத்திக்கொண்டிருப்பது மட்டும்தான். ஒவ்வொரு முறையும் கண் அங்கேயே போய் நின்றது.

செய்யாற்றிலிருந்து தாய்மாமன் வீட்டார் காரில் வந்து வாசலில் இறங்கிய அன்று, படுக்கை விரிப்பை நீவிவிட்டு, மருந்துப் புட்டிகளை ஒதுக்கி, கடைசியாகப் பெட்டியைத் தலையணை பக்கத்தில் நேராக வைத்தார். சிவப்பு ஒயர் தெரிந்தது. கை பைக்குப் போனது. ஒயரை நுனி விரலால் பிடித்து லேசாக இழுத்து, இரண்டு பக்கமும் ஒட்ட நறுக்கினார். துண்டை ஜன்னல் வழியாக எறிந்தார். பூவம்மாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பொத்தானை அழுத்தினாள். “ஏங்க” என்றது பெட்டி, எப்போதும் போல.

“ஒண்ணுமில்ல. நூல் தொங்கிச்சு” என்றார் துரைக்கண்ணு.

பெட்டி பேசிக்கொண்டே இருந்தது. ஒயரைச் சொருகினால் சார்ஜ் ஏறியது. பச்சை விளக்கு எரிந்தது. வெட்டியதால் எதுவும் கெட்டுவிட்டதாக யாருக்கும் தெரியவில்லை.

தெரிந்தது சித்திரைக் கடைசியில்தான். புற்று மறுபடியும் வந்துவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பிய பிறகு பூவம்மாள் ஒன்றைக் கேட்கத் தொடங்கினாள். பெட்டியைக் காட்டுவாள். ஆறு பொத்தானையும் விரலால் தள்ளிவிடுவது போலக் காட்டுவாள். உதட்டை அசைத்து ஒரு சொல்லைச் சொல்வாள். துரைக்கண்ணுவுக்கு அவள் உதட்டில் எல்லாச் சொல்லும் புரியும். அந்த ஒரு சொல் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். பூவம்மாளுக்குக் கையெழுத்துப் போடுவதற்கு மேல் எழுதத் தெரியாது.

“அவ இன்னா கேக்கறான்னு உனுக்குத் தெரியாதா?” என்றாள் ஏலவார்குழலி. “அன்னிக்கு ஆஸ்பத்திரியில நெறைய பேசி வெச்சிருக்கா. பதிஞ்ச அந்தப் போனு கெட்டுப்போச்சாம், எல்லாம் இந்தப் பொட்டிக்குள்ளதான் கெடக்குது. பொத்தான் ஆறுதான். மத்தத எடுத்துப் பொத்தான்ல மாத்தி வைக்கணும்னா கம்ப்யூட்டர்ல சொருவணுமாம். அந்தப் பொண்ணு எப்பிடின்னு போன்ல அனுப்பியிருக்குது.”

“எந்தப் பொண்ணு?”

“ஊர்ல இருக்கற பொண்ணு” என்றாள் தங்கை எரிச்சலோடு. “பேரச் சொல்லட்டுமா?”

கடையில் கணக்குப் பார்க்கும் ரேவதி தன் லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பெட்டியைச் சொருகினாள். பூவம்மாள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள், ஏதோ தெரிந்துவிடப் போகிறது என்பது போல.

“சார்ஜ் ஏறுதுங்கய்யா. ஆனா கம்ப்யூட்டர் இத கண்டுக்கவே மாட்டேங்குது” என்றாள் ரேவதி. வேறு ஒயர் போட்டாள். லேப்டாப்பை அணைத்து மறுபடி போட்டாள். “இப்பிடி ஒரு பொருள் சொருவியிருக்கறதே அதுக்குத் தெரியல.”

பூவம்மாள் மெதுவாகத் தலையைச் சாய்த்தாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். துரைக்கண்ணு அப்போதும் எதையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

மறுநாள் அவள் தூங்கும் நேரமாகப் பார்த்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு காந்தி ரோட்டில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தணிகாசலத்திடம் போனார். தணிகாசலம் வாய் ஓயாதவன். ஆனால் வேலைக்காரன். மூடியைக் கழற்றி, கண்ணில் பூதக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தான்.

“யாரு செஞ்சது இது? நல்ல கைங்க.”

“ஆஸ்பத்திரியில குடுத்தது.”

“ஆஸ்பத்திரியிலயா? எந்த டாக்டருங்க சால்டரிங் வெக்கிறாரு? சொல்லுங்க, நானும் போயி ஊசி போடக் கத்துக்கறேன்.” துரைக்கண்ணு கடைக்கு வெளியே பார்ப்பதைக் கவனித்துத் தணிகாசலம் அடங்கினான். கொஞ்ச நேரம் மீட்டரை அங்கங்கே வைத்துப் பார்த்தான்.

“சிப்பு உயிரோடதான் இருக்குது. பேட்டரியில ஓடிக்கினு இருக்குது. அதான் பேசுது. ஆனா கம்ப்யூட்டரோட பேசறதுக்குன்னு இந்தச் சிப்புக்குள்ள தனியா ஒரு ரெகுலேட்டர் வெச்சிருக்கான். அதுக்கு பேட்டரி கரண்ட் ஆவாது. கேபிள் வழியா வர்ற அஞ்சு வோல்ட்டு நேரா சிப்புல அதுக்குன்னு இருக்கற காலுக்குப் போவணும். போனா, அது தனக்கு வேண்டியத மூணு சில்லற வோல்ட்டா கொறைச்சுக்கும். இங்க போவல.”

“புரியறா மாதிரி சொல்லு.”

“வூட்டுக்குள்ள லைட்டு எரியுது, ஃபேன் சுத்துது, எல்லாரும் நல்லா இருக்காங்க. வாசல் காலிங் பெல்லுக்குப் போற ஒயர மட்டும் எவனோ புடுங்கிட்டான். வெளிய ஒருத்தன் அழுத்திக்கினே நிக்கிறான். உள்ள இருக்கறவங்களுக்கு ஆள் வந்ததே தெரியாது. அவ்ளோதான்.”

தணிகாசலம் பெட்டியைத் திருப்பி விளக்குக்குக் கீழே பிடித்தான். “இங்க பாருங்க. இங்க ஒரு ஒயரு இருந்திருக்குது. ரெண்டு மொனையும் நிக்குது. செவப்பு ஒயரு. கத்திரியால நறுக்குனா மாதிரி சுத்தமா இருக்குது.”

துரைக்கண்ணு குனிந்து பார்த்தார். சிவப்பாக இரண்டு புள்ளிகள். அவருடைய கத்திரியின் வெட்டு அவருக்குத் தெரியாதா? பிசிறே இல்லை.

“நறுக்குனதோட வுடல, இழுத்திருக்காங்க” என்றான் தணிகாசலம். “சிப்பு பக்கத்துல தகடு பேந்துகிச்சு. நான் கை வெச்சா, பக்கத்துக் காலுக்கு அஞ்சு வோல்ட்டு போயிரும். போனா உள்ள இருக்கறதெல்லாம் காலி. செஞ்சவரயே கூப்புடுங்க. அவருக்கு எந்தக் கால்னு தெரியும். ரெண்டு நிமிஷ வேல.”

பெட்டியை வேட்டி மடிப்பில் சுற்றி எடுத்துக்கொண்டு நடந்தார் துரைக்கண்ணு. கடைக்குப் போகவில்லை. சட்டைப் பையில் கத்திரி நெஞ்சில் இடித்துக்கொண்டே வந்தது.

அன்று மாலையே ஏலவார்குழலியிடம், “அந்தப் பொட்டிய சரி பண்ணணும்னா செஞ்ச ஆளுதான் வேணுமாம்” என்றார். ஏன் பழுதானது என்று சொல்லவில்லை. அவள் கொல்லைக்குப் போய்ப் போனில் பேசிவிட்டு வந்தாள்.

“நாளைக்கே வர்றேங்கறான் அண்ணா.”

“இங்கயா?”

“வேற எங்க? பொட்டிய அனுப்பி வெச்சா இவளுக்கு வாய் ஏது? தண்ணி வேணும்னு எப்பிடிக் கேப்பா? அந்தப் புள்ள உள்ளகூட வர மாட்டேன், வாசல்லயே நின்னு வேலய முடிச்சுக் குடுத்துட்டுப் போறேங்கறான்.”

துரைக்கண்ணு வாசலைப் பார்த்தார். வைகாசி பிறந்துவிட்டது. பெருமாள் கோயிலில் நாளைக்குக் கொடி ஏறுகிறது. கருட சேவைக்கு மாகறலிலிருந்தும் செய்யாற்றிலிருந்தும் உறவு மொத்தமும் அவர் வீட்டில்தான் வந்து தங்கும். கோயில் பக்கத்து வீடு என்பதால் வருஷா வருஷம் நடப்பது. கூடத்திலும் மாடியிலும் பாய் விரித்திருக்கும். தெருவில் நிற்பவன் யார், யாருடைய பேரன் என்று அவர்களில் பாதிப் பேருக்கு முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும்.

“கருட சேவ முடியட்டும். சனம் கலைஞ்சப்பறம் வரச் சொல்லு.”

“அண்ணா, அவ மூச்ச பாத்தியா?”

“முடியட்டும்னு சொன்னன் இல்ல.”

அவர் உள்ளே போய் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். கூடத்தில் பேசியது எல்லாம் அவளுக்குக் கேட்டிருந்தது. வாய்தான் போனதே தவிர காது நன்றாகவே இருந்தது. பூவம்மாள் பொத்தானை அழுத்தினாள்.

“ஏங்க.”

“வரச் சொல்லியிருக்கேன். கருட சேவ முடிஞ்ச கையோட வந்து மாத்திக் குடுத்துருவாங்க. நீ கேட்டதெல்லாம் வரும்.”

“ஏங்க.”

“நாலு நாளு பொறுக்க மாட்டியா? வீடு நெறைய சனம் இருக்கும்போது எப்பிடிம்மா?”

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டு வருஷம் அவர் சொன்னதற்கு மேல் பேசாதவள். விரல் பெட்டியின் மேல் கொஞ்சம் தடுமாறி வேறு பொத்தானைத் தேடியது.

“போதும்” என்றது பெட்டி.

தண்ணீர் போதும் என்று சொல்வதற்காகப் பதிந்த சொல். துரைக்கண்ணு பக்கத்தில் தண்ணீர் டம்ளர் இல்லை.

கருட சேவை அன்று விடியுமுன்பே வீடு காலியானது. பெருமாள் கோபுர வாசலில் வரும்போது தெருவில் எழுந்த கூச்சல் கட்டில் வரை கேட்டது. துரைக்கண்ணு அந்த வருஷம் சேவிக்கப் போகவில்லை. பூவம்மாளின் மூச்சு, கழுத்துத் துளையில் சீட்டி போல வந்துகொண்டிருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறிய பிறகு, கூட்டம் பெரிய காஞ்சிபுரம் பக்கம் நகர்ந்து தெரு ஓய்ந்த நேரத்தில், சீட்டி நின்றது. பெட்டி அவள் கைக்குக் கீழேதான் இருந்தது. அவள் எதையும் அழுத்தவில்லை.

ஏலவார்குழலி அண்ணனைக் கேட்காமலே துளசிக்குப் போன் செய்தாள். அவரும் தடுக்கவில்லை.

பிற்பகலுக்குள் வாசலில் பந்தல் போட்டாயிற்று. ஐஸ் பெட்டி வந்து கூடத்தில் இறங்கியது. அதற்குக் கரண்ட் இழுத்த எக்ஸ்டென்ஷன் போர்டு வாசற்படி ஓரத்தில் கிடந்தது. துரைக்கண்ணு வாசலில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வந்த ஆண்கள் கையை நீட்ட, அவர் தொட்டுத் தொட்டு விட்டார். யாரும் யாரையும் வாங்க என்று சொல்லவில்லை. சாவு வீட்டில் சொல்லக் கூடாத சொல் அது. வருகிறவர்கள் தாமாக வர வேண்டும், போகும்போது போய் வருகிறேன் என்று சொல்லாமல் போக வேண்டும். சொன்னால் சாவையும் மறுபடி வா என்று அழைத்ததாகிவிடும். துரைக்கண்ணு வீட்டில் இது பிசகியதே இல்லை.

துளசி ஆட்டோவிலிருந்து இறங்கி, யாரையும் பார்க்காமல் உள்ளே ஓடினாள். கூடத்தில் அழுகை கூடியது. அவள் பின்னால் வந்தவன் பந்தலின் நிழல் முடியும் இடத்தில், வெயிலில், நின்றுகொண்டான். ஒல்லியான உடம்பு. தோளில் கறுப்புப் பை. கையைக் கட்டிக்கொண்டு தலை குனிந்து நின்றான்.

“அது யாரு?” என்றார் செய்யாற்றுக்காரர் ஒருவர்.

“யாரோ” என்றார் இன்னொருவர், தெரிந்தே.

துரைக்கண்ணு எழுந்தார். எல்லோரும் பார்த்தார்கள். அவர் உள்ளே போய், ஐஸ் பெட்டியின் மேல் மாலைகளுக்கு நடுவில் யாரோ வைத்திருந்த அந்தக் கறுப்புப் பெட்டியை எடுத்தார். பந்தலைக் கடந்து வெயிலுக்குள் நடந்துபோய் அவன் முன்னால் நீட்டினார்.

டேனியல் இரண்டு கையாலும் வாங்கினான். விளிம்பைப் பார்த்தான். அந்த இரண்டு சிவப்புப் புள்ளிகளை அவன் கண்டுவிட்டது அவருக்குத் தெரிந்தது.

“மூடியில மாட்டி, தானா அறுந்துகிச்சு போல” என்றான் மெதுவாக. “என் தப்புதான். ஒயர உள்ள ஒழுங்கா வெச்சிருக்கணும்.” ஐயா என்றும் சொல்லவில்லை, மாமா என்றும் சொல்லவில்லை.

“தானா அறுந்துக்கல” என்றார் துரைக்கண்ணு.

டேனியல் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.  பையிலிருந்து சால்டரிங் அயர்னை எடுத்தான். கரண்டுக்கு அங்கே இருந்தது ஐஸ் பெட்டியின் போர்டு ஒன்றுதான். வாசற்படிக்கு வெளியே, தெரு மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதில் சொருகினான். மெல்லிய புகை எழுந்தது. பிசின் கருகும் வாசனை ஊதுவத்தி வாசனையோடு கலந்தது. பேந்த தகட்டை விட்டுவிட்டு, மயிரிழை போல ஒரு கம்பியைச் சிப்பின் காலிலேயே நேராக வைத்தான். சொன்னது போலவே அதிக நேரம் ஆகவில்லை.

துளசி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். படியில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துப் பெட்டியைச் சொருகினாள். லேப்டாப் சின்னதாக ஒரு ஓசை எழுப்பியது. வந்திருப்பது யார் என்று இப்போது அதற்குத் தெரிந்துவிட்டது.

“அப்பா” என்றாள். அந்த வீட்டு வாசலில் அந்தச் சொல்லைக் கேட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது. “போடட்டுமா?”

அவர் தலையசைத்தார்.

“துளசி, வந்துட்டியாம்மா? ஏன் இப்பிடி எளைச்சுப் போயிட்ட? கைய கழுவிக்கினு வா, மொதல்ல சாப்புடு. அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு, நான் பாத்துக்கறன்.”

கூடத்தில் அழுகை சட்டென்று நின்றது. ஐஸ் பெட்டிக்குள் கிடப்பவளின் குரல் வாசற்படியில் கேட்டது. துளசி உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவள் விரல் தவறி அடுத்ததைத் தட்டிவிட்டது.

“வாங்க மாப்ள. ஏன் வெளியவே நிக்கறீங்க? உள்ள வாங்க. இது உங்க வூடு.”

பந்தலில் ஒரு சலசலப்பு ஓடியது. “எழவு வூட்டுல வாங்கன்னா இன்னா அர்த்தம்? நிறுத்தும்மா அத” என்றார் பெரியவர் ஒருவர். ஒரு கிழவி, “சொல்றவளே அவதானப்பா. அவள யாரு தடுக்கறது?” என்றாள். 

டேனியல் எழுந்து நின்றுவிட்டான். அயர்ன் கையிலேயே இருந்தது. படியைப் பார்த்தான். துரைக்கண்ணுவைப் பார்த்தான். மாமியார் அழைத்துவிட்டாள். வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் உள்ளே வந்துவிடுவான். அவள் முகத்தை ஒரு முறை பார்த்துவிடுவான்.

துரைக்கண்ணுவுக்கு அந்தச் சொல் தொண்டை வரை வந்தது. நேற்று சொல்லியிருக்கலாம். சில நாள் முன்னால், தங்கை கொல்லையிலிருந்து போனோடு வந்தபோது சொல்லியிருக்கலாம். அப்போது வீட்டில் பூவம்மாள் உயிரோடு இருந்தாள். வாங்க என்று யாரையும் சொல்லலாம், எத்தனை முறையும் சொல்லலாம். இன்று அந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு இடம் இல்லை. வழக்கத்தைக் காத்தே பேர் எடுத்தவர், பந்தல் நிறைய உறவு பார்த்துக்கொண்டிருக்க, மனைவியின் பிணத்தை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வார்? வாய் திறந்தது. காற்று மட்டும் வந்தது.

அவர் வாசற்படியை விட்டு ஒதுங்கி நின்றார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. ஒதுங்கியது தனக்காகவா, உள்ளேயிருந்து வெளியே வருகிறவர்களுக்காகவா என்று டேனியலுக்குப் புரியவில்லை. அவன் நின்ற இடத்திலேயே நின்றான். மறுநாள் காலையில் எடுக்கும்போதும் தெருவில் நின்றுதான் கும்பிட்டான். போகும்போது முறைப்படி யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. வீட்டைக் கழுவிவிட்டார்கள். இனிமேல் யாரையும் அழைக்கலாம். துரைக்கண்ணு அன்றைக்கே தங்கையின் போனை வாங்கித் தானே பேசினார். “நாளைக்கு ரெண்டு பேரும் வந்துருங்க” என்றார்.  துளசி, சரிப்பா என்றாள்.

மறுநாள் குளித்து, சலவை வேட்டி சட்டையோடு காலையிலிருந்தே வாசலில் நின்றார். எதிர்வீட்டுக்காரர், “யாருங்க வர்றாங்க?” என்று கேட்டார். “மாப்ள வர்றாரு” என்றார், தெருவுக்கே கேட்கும்படி. சட்டைப் பையில் கத்திரி இல்லை. அதை எங்கே வைத்தார் என்று அவரே தேடவில்லை. கட்டில் பக்கத்து அலமாரியில் பெட்டி இருந்தது. சிவப்பு ஒயர் புதிதாக, கொஞ்சம் பெரிய வளைவாகவே, வெளியே தெரிந்தது.

ஆட்டோ வந்து நின்றது. துளசி இறங்கினாள். அவர் பின் இருக்கையைப் பார்த்தார். யாரும் இல்லை.

“அவரு?”

“வரலப்பா.”

“லீவு கெடைக்கலயா?”

“லீவெல்லாம் இருக்குது.” துளசி தரையைப் பார்த்தாள். “கோவம்லாம் இல்லப்பா. கூப்பிட்டுப் பாத்தேன். அத்தை கூப்ட்டாங்க, எனுக்கு அது போதும்னு சொல்லிட்டாரு.”

ஆட்டோ திரும்பிப் போனது. எதிர்வீட்டுக்காரர் இன்னும் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். துரைக்கண்ணு முதுகை வளைக்காமல் நின்றார்.

“வாம்மா” என்றார் மகளிடம்.

காலையிலிருந்து அவர் தயாராக வைத்திருந்த சொல் அதுவல்ல.